படம் அனுப்பச் சொன்னாய்

கோண்டாவில், யாழ்ப்பாணம்,
ஐப்பசி, மழைக்காலம்.

அன்பின் நண்பனுக்கு,

உன் குரல்பதிவு கிடைத்தது. அதே வழியில் பதில் சொல்லாமல் தாளெடுத்து எழுதுகிறேன். 37 வருடம் தபாலகத்தில் இருந்தவனுக்குக் கடிதத்தின் மேல் உள்ள பற்று ஒரு காரணம். மற்றது, இதில் ஒரு வீட்டுக் கதை இருக்கிறது. கைபேசிக்குள் விழுந்தால் அது எத்தனை பேருக்குப் போகும் என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. உறைக்குள் வைத்து ஒட்டினால் உன் கைக்குத்தான் வரும்.

இங்கே எல்லோரும் சுகம். மழை தொடங்கியதும் முழங்கால் வலி கூடிவிட்டது, ஆனாலும் சைக்கிளை விடவில்லை. உன் வளவில் மதிலோரம் நிற்கும் மாமரத்தின் கொப்பொன்று காற்றுக்கு முறிந்து விழுந்தது. வெட்டி அடுக்கிவிட்டேன். பூவரச வேலி இந்த மழையோடு நன்றாகத் துளிர்த்திருக்கிறது.

ஒரு ஏழைக் குடும்பத்துக்கு உதவி கேட்டு யாரோ இணையத்தில் போட்டதென்று நீ அனுப்பிய அந்தக் காணொளியை முழுவதும் பார்த்தேன். 14 நிமிடம். "இந்தக் குடும்பத்தைத் தேடிப்பிடித்து ஒரு லட்சம் ரூபாய் கொடு. கொடுக்கும்போது ஒரு படம் எடுத்து அனுப்பு, இங்கே ரொறன்ரோவில் எங்கள் சங்கத்தில் காட்ட வேண்டும்" என்றாய். காசைக் கொடுத்துவிட்டேன். படம் எடுக்கவில்லை. நீ கோபிப்பாய் என்று தெரியும், அதனால் நடந்ததை முழுவதும் எழுதுகிறேன்.

ஊரின் பெயரை எழுத மாட்டேன். காணொளியிலும் ஊரின் பெயர் இல்லை. ஆனால் அந்தத் தாய் அழுதுகொண்டிருக்கும்போது பின்னால் ஒரு தண்ணீர்த் தாங்கியும், வைரவர் கோயிலின் முகப்பும், ஒரு கடைப் பலகையின் பாதியும் தெரிந்தன. அவற்றை வைத்துக்கொண்டு சந்தியிலிருந்து அரை மணி நேரத்தில் வீட்டுப் படலையைக் கண்டுபிடித்துவிட்டேன். இந்த வயதில் என்னால் முடிந்தது யாராலும் முடியும். தகப்பனில்லாத வீடு, வளர்ந்த இரண்டு பெண்பிள்ளைகள். படலையடியில் நின்றபோது அதுதான் முதலில் மனதைக் குத்தியது.

அந்தத் தாய் வெளியே வந்து என் முகத்தைப் பார்க்கவில்லை. என் சட்டைப் பையைப் பார்த்தாள். "படம் எடுக்க வந்தீர்களா, ஐயா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அப்படியானால் அந்தப் போனை சைக்கிள் கூடைக்குள் வைத்துவிட்டு வாருங்கள்" என்றாள். வைத்தேன். அதன் பிறகுதான் திண்ணையில் பாய் விரித்து, உட்காரச் சொல்லித் தேநீர் கொண்டுவந்தாள். உள்ளே இருந்த மூத்த பிள்ளை, நான் எழும்பும் வரை வெளியே வரவில்லை.

காணொளி எடுத்த அந்தப் பெடியன் குசினிக்குள் போய்ப் பானையின் மூடியைத் திறந்து காட்டுவான், நினைவிருக்கிறதா? வெறும் பானை. அதைப் பார்த்துத்தான் மனம் உடைந்தது என்று நீயும் சொன்னாய். அன்று அந்தப் பானையில் சோறு இருந்ததாம். "பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு வாருங்கள் அம்மா, அப்போதுதான் வெளிநாட்டில் உள்ளவர்களுக்கு மனம் இரங்கும்" என்று சொல்லி வைக்கச் செய்திருக்கிறார்கள். அந்த வீட்டில் வறுமை இல்லை என்று நான் சொல்லவில்லை. கூரைத் தகரத்தில் ஓட்டை, மழைக்குப் பாத்திரம் வைத்துத் தண்ணீர் ஏந்துகிறார்கள், கடையில் கடன். எல்லாம் உண்மை. உண்மையாகவே இல்லாமல் வாழுகிறவளைப் பொய் சொல்ல வைத்ததுதான் என்னால் தாங்க முடியாமல் இருக்கிறது. இனி அவள் எதைச் சொன்னாலும் ஊர் அந்தப் பானையைத்தானே சொல்லும்?

மூத்தவள் சாதாரணதரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். கமெரா வந்தபோது சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "இந்தப் பக்கம் பாரம்மா, அண்ணாதானே" என்று அவளைத் திருப்பியதும் காணொளியில் இருக்கிறது. நீயும் நானும் பார்த்தோம், பார்த்தும் ஒன்றும் உறைக்கவில்லை. இப்போது ரியூசனுக்குப் போனால், தாய் அழுதுகொண்டு சொன்ன வசனத்தைப் பெடியன்கள் அப்படியே திருப்பிச் சொல்லிக் காட்டுகிறார்களாம். இரண்டு மாதமாக அவள் போகவில்லை. காணொளியில் தாயின் தொலைபேசி இலக்கத்தையும் போட்டிருந்தார்கள். உதவி செய்கிறவர்கள் நேரடியாகப் பேசட்டும் என்று போட்டதாம். நடுச்சாமத்தில் எங்கெங்கோ இருந்து அழைப்பு வருகிறது. சிலர் தாயிடம் பேசாமல் "மகளிடம் கொடு" என்கிறார்கள். இலக்கத்தை மாற்றிவிட்டாள்.

அந்த வீட்டுக்குக் கிடைத்தது ஒரு உலர் உணவுப் பொதியும் 25,000 ரூபாயும். எவ்வளவு சேர்ந்தது என்று அவளுக்குத் தெரியாது, கேட்கவும் பயம். நான் காசைக் கொடுத்தபோது முதலில் வாங்கவில்லை. "காசு வேண்டாம் ஐயா. அந்தப் படத்தை அழித்துவிடச் சொல்ல முடியுமா?" என்றாள். இதே வார்த்தைகள்தான். வீடு வந்து சேரும் வரைக்கும் அது காதில் நின்றது.

நீ பிச்சைச் சம்பள வரிசையைப் பார்த்திருப்பாய். மாதாந்தம் அரசாங்கம் கொடுக்கும் அந்த உதவிப் பணத்துக்கு ஊரார் வைத்த பெயர் அது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் தபால் அதிபர் அந்தச் சொல்லைக் கருமபீடத்துக்கு இந்தப் பக்கம் யாரும் சொல்லக்கூடாது என்று கண்டிப்பாக வைத்திருந்தார். கூட்டத்தில் நிற்கக் கூச்சப்படும் பெண்களைப் பதினொரு மணிக்குப் பிறகு பக்கக் கதவால் வரச்சொல்வார். காசுக்கட்டளை யாருக்கு வந்தது, எவ்வளவு என்று வீட்டில் மனைவிக்குக்கூடச் சொல்லமாட்டார். எழுத வாசிக்கத் தெரியாத கிழவிகளுக்கு நான் எத்தனை கடிதம் வாசித்துக் கொடுத்திருப்பேன்! அந்தச் செய்திகள் இன்றுவரை என் வயிற்றுக்குள்ளேயே இருக்கின்றன. அதற்கு எங்களிடம் ஒரு கருவியும் இல்லை, வாய் மட்டும்தான் இருந்தது. அதை மூடி வைத்திருந்தோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். போர் முடிந்து இரண்டொரு வருடத்தில் இங்கே படையினர் வீடு வீடாகப் பதிவு செய்தபோது நீ இங்கே இல்லை. குடும்பமாக நிறுத்திப் படம் எடுத்தார்கள். மாட்டேன் என்று சொல்ல முடியாது. சிரிப்பதா, நேரே பார்ப்பதா என்றுகூடத் தெரியாது. என் மனைவி அன்று முழுவதும் சாப்பிடவில்லை. அப்படிக் கமெராவின் முன்னால் வாய் திறக்க முடியாமல் நின்ற சனம் நாங்கள். இன்று எங்கள் பிள்ளைகளே கையில் அரிசிப் பையோடு அதே மாதிரி ஒரு தாயை நிறுத்துகிறார்கள். அவளாலும் மாட்டேன் என்று சொல்ல முடியாது, பசி அவளைச் சொல்ல விடாது. சம்மதித்துத்தானே பேசினாள் என்று நீ கேட்பாய். பொதியை ஒரு கையிலும் கமெராவை மறு கையிலும் வைத்துக்கொண்டு கேட்கிற கேள்விக்கு வருகிற பதிலை நான் சம்மதம் என்று எண்ணமாட்டேன்.

நல்லூர்க் கோயிலுக்குள் கமெரா எடுக்கக்கூடாது என்றால் எல்லோரும் அதை உள்ளே வைத்துக்கொண்டு, ஆண்கள் சட்டையையும் கழற்றிவிட்டுத்தான் போகிறோம். ஒரு ஏழை வீட்டின் குசினிக்கு அந்த மரியாதை ஏன் இல்லாமல் போனது?

இப்படி வேலை செய்கிற எல்லோரையும் நான் திட்டவில்லை. புலம்பெயர்ந்த உங்கள் காசு வராமல் இருந்திருந்தால் இங்கே பல வீடுகளுக்குக் கூரை வந்திராது, பல பிள்ளைகள் பல்கலைக்கழகப் படி ஏறியிருக்க மாட்டார்கள். நல்ல மனத்தோடு ஓடித்திரியும் பெடியன்களையும் எனக்குத் தெரியும். ஆனால் அவர்களிடம் பேசினால், அழுகை இல்லாத காணொளிக்குக் காசு வருவதில்லை என்கிறார்கள். அது பொய்யா? நீயே நெஞ்சைத் தொட்டுச் சொல். "கூரைக்கு ஒரு லட்சம் தேவை" என்று நான் ஒரு வரி எழுதியிருந்தால் நீ உடனே அனுப்பியிருப்பாயா? முகத்தைப் பார்த்த பிறகுதானே அனுப்பினாய். பிறகு கொடுத்ததற்கும் படம் கேட்டாய். உன்னைக் குற்றம் சொல்லவே எழுதுகிறேன், மச்சான். ஐம்பது வருடப் பழக்கத்தில் இதைக்கூடச் சொல்லாவிட்டால் நான் உனக்கு என்ன நண்பன்?

சட்டம் இல்லையா என்று உன் மகன் கேட்பான். இருக்கிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கானது. கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறும் உரிமையை அது சொல்கிறது. பிறகு 2024இல் இணையப் பதிவுகளுக்கான நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்தது. அது பேச்சுச் சுதந்திரத்தை நெரித்துவிடும் என்ற பயம்தான் இங்கே அதிகம், எனக்கும் அந்தப் பயம் உண்டு. இந்தத் தாய் எந்தச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எந்த வாசலில் நிற்பாள்? பஸ்ஸுக்குக் காசு, ஒரு நாள் கூலி இழப்பு, அதற்கு மேல் மீண்டும் ஒருமுறை முழுக் கதையையும் அந்நியர் முன்னால் சொல்ல வேண்டும்.

அண்டை வீட்டுப் பெடியன் உதவியோடு அந்தத் தளத்துக்கே முறையிட்டேன். விதி மீறல் எதுவும் காணப்படவில்லை என்று இரண்டு வரிப் பதில் வந்தது. 2018 மார்ச்சில் கண்டிக்குப் பக்கத்தில் திகனவில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தது உனக்கு நினைவிருக்கும். பேஸ்புக்கில் பரவிய வெறுப்புக்கும் அதில் பங்கு இருந்தது. அந்த நிறுவனம் மன்னிப்புக் கேட்டது 2020இல். அவ்வளவு பெரிய அழிவுக்கே இரண்டு வருடம் போனது. இந்தப் பிள்ளைக்குப் பரீட்சை மிகக் கிட்டத்தில் இருக்கிறது.

நான் இந்தக் கருவிகளுக்கு எதிரி என்று நினைக்காதே. 1981இல் எங்கள் பொது நூலகம் எரிந்த மறுநாள் நீயும் நானும் தெருவில் நின்றோமே, சாம்பல் பறந்து வந்து உன் தோளில் விழுந்ததே. 97,000 நூல்கள். 'ஈழநாடு' பத்திரிகை அலுவலகமும் அந்த நாட்களில்தான் எரிந்தது. இனி எங்களுக்கு நினைவே இல்லை என்று அழுதாய். 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற இணைய எண்ணிம நூலகத்தில் இன்று என் பேத்தி பழைய 'ஈழநாடு' இதழ்களைத் திறந்து எனக்கு வாசித்துக் காட்டுகிறாள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத்தான் என்னால் பார்க்க முடிந்தது. எதையும் மறக்காமல் வைத்திருக்கும் ஒரு இடத்துக்காக நாங்கள் அவ்வளவு ஏங்கினோம். அது கிடைத்தது. அதே இடம்தான் இந்தப் பிள்ளை சுவர்ப் பக்கம் திரும்பி நின்றதையும் மறக்காமல் வைத்திருக்கிறது. அவளுக்குக் கலியாணம் பேசும் நாளிலும், வேலைக்கு நேர்முகம் போகும் நாளிலும் யாரோ ஒருவர் அதைத் தட்டித் திறப்பார்.

நீ செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. காணொளி போட்டவர்கள் நான் சொன்னால் கேட்கமாட்டார்கள், காசு அனுப்புகிற உன் போன்றவர்கள் சொன்னால் கேட்பார்கள். உன் பெயரில் எழுது. அதை எடுத்துவிட்டால்தான் இனிமேல் ஒரு சதம் வரும் என்று சொல். ரொறன்ரோவில் உங்கள் சங்கக் கூட்டத்திலும் எழும்பிப் பேசு. உதவி பெறுகிறவரின் முகம் கேட்காதீர்கள், பற்றுச்சீட்டுக் கேளுங்கள், வங்கிப் புத்தகத்துக்கு நேரே போடுங்கள், பாடசாலை அதிபரிடமோ கிராம அலுவலரிடமோ விசாரியுங்கள் என்று சொல். கணக்குக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. நான் இங்கே ஓடித்திரிந்து கணக்குத் தருகிறேன். முழங்கால் இன்னும் இரண்டு வருடம் தாங்கும்.

உன் காசில் தகரம் மாற்ற 62,000 ரூபாய் மட்டிட்டிருக்கிறோம். மிச்சம் கடைக் கடனுக்கும் பிள்ளையின் ரியூசனுக்கும். வேறு இடத்தில், சின்ன வகுப்பு ஒன்றில் சேர்க்க ஆசிரியர் ஒருவருடன் பேசிவிட்டேன். அவர் காரணம் ஒன்றும் கேட்கவில்லை.

பற்றுச்சீட்டு என்னிடம் இருக்கிறது, நீ ஆவணியில் வரும்போது காட்டுகிறேன். தாய் கையொப்பம் வைத்தாள். தேதி போட மறந்துவிட்டோம் என்று நான் சொன்னபோதுதான் மூத்தவள் உள்ளே இருந்து வந்தாள். என் பேனையை வாங்கித் தேதியை எழுதினாள். நல்ல உருண்டையான எழுத்து. பேனையைத் திருப்பித் தரும்போது என்னை நேரே பார்த்தாள்.

உன் நண்பன்.