சி.3.3 அறையைத் திறந்துவிடுங்கள்

பிரிட்டன் நீதி அமைச்சகத்துக்கும், இங்கிலாந்தின் ரெடிங் நகரச் சிறையின் இன்றைய உரிமையாளர்களுக்கும்,

வணக்கம். சிறை 2013இல் மூடப்பட்டது, கலை மையமாக்க நகராட்சி கேட்டும் கிடைக்காமல் தனியாருக்கு விற்கப்பட்டது, எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். இந்த ஊரில் குடியிருக்கும் தமிழன் நான். போன மாதம் சென்னையிலிருந்து அக்கா மகள் வந்திருந்தாள். ஒரு காலத்தில் இந்தச் சிறையில் கைதியாக இருந்த நாடகாசிரியர் ஆஸ்கர் வைல்டின் நாடகத்தைக் கல்லூரியில் பாடமாகப் படித்தவள். சிறையின் மதிலையும் பூட்டிய கதவையும் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினாள். அதனால்தான் இந்த மடல்.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: வைல்ட் அடைபட்டிருந்த சி.3.3 அறையைப் பொதுமக்கள் பார்க்கத் திறந்துவிடுங்கள்.

ஒரு பிரபலம் இருந்த இடம் என்பதற்காக மட்டும் கேட்கவில்லை. 1897 மே மாதம், விடுதலைக்குச் சில நாள் முன்பு, வைல்ட் அங்கே சின்னஞ்சிறு பிள்ளைகளைக் கைதிகளாகப் பார்த்தார். அதில் ஒருவனுக்கு அளவான சிறை உடைகூட இல்லை, அவ்வளவு சிறியவன். காலையில் கொடுத்த ரொட்டியையும் தண்ணீரையும் தொண்டைக்குள் இறக்க முடியாமல் ஒரு பிள்ளை பசியில் அழுதது. மார்ட்டின் என்ற காவலர் மனம் பொறுக்காமல் வெளியே போய்க் கொஞ்சம் இனிப்பு பிஸ்கட் வாங்கி வந்து கொடுத்தார். பிள்ளைக்கு விதி தெரியுமா? அந்த அண்ணன் நல்லவர் என்று சந்தோஷமாக மேலதிகாரியிடமே சொல்லிவிட்டது. மார்ட்டினின் வேலை போனது.

இரண்டு ஆண்டு கடுங்காவல் முடித்து, உடம்பும் பெயரும் நொறுங்கி வெளியே வந்த மனிதர், பத்து நாள் ஆவதற்குள் 'டெய்லி கிரானிக்கிள்' நாளிதழுக்கு நீண்ட கடிதம் எழுதினார். தனக்காக அல்ல, அந்தக் காவலருக்காகவும் பிள்ளைகளுக்காகவும். அடுத்த ஆண்டு சிறைச் சீர்திருத்தச் சட்டம் விவாதத்துக்கு வந்தபோது மறுபடி எழுதினார். அவருடைய நகைச்சுவை நாடகங்களை உலகமே கொண்டாடுகிறது, சரி. எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது இந்தக் கடிதங்களைப் படித்துத்தான். அவை பிறந்த இடம் பூட்டிக் கிடக்கலாமா?

1895இல் ஆண்களோடு உறவு வைத்திருந்தார் என்ற குற்றச்சாட்டில் அவர் கைதானபோது லண்டனில் அவருடைய இரண்டு நாடகங்கள் ஓடிக்கொண்டிருந்தன. நாடகத்தை நிறுத்தாமல், விளம்பரத்திலிருந்து அவர் பெயரை மட்டும் எடுத்தார்கள். எழுத்து வேண்டும், எழுதியவர் வேண்டாம். அந்தப் புத்தி இன்னும் போகவில்லையோ என்று கோபம் வருகிறது. 2017இல் அவரைப் போலத் தண்டிக்கப்பட்ட ஆயிரக்கணக்கானோருக்குச் சட்டம் போட்டு மன்னிப்புக் கொடுத்தீர்கள். அதே அரசு, அவர் தண்டனை அனுபவித்த கட்டடத்தை வெறும் மனையாகக் கணக்குப் பார்த்து விற்றது. இந்த ஊரில் எத்தனை பேர் வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டோம்!

முடியாத காரியம் எதையும் கேட்கவில்லை. 2016இல் ஒரு கலைக் கண்காட்சிக்காக இதே சிறையை மாதக்கணக்கில் திறந்து வைத்தீர்களே. இங்கே அடைபட்டிருந்தபோது வைல்ட் எழுதிய 'டி ப்ரொஃபண்டிஸ்' என்ற நீண்ட மடலை எழுத்தாளர்களும் நடிகர்களும் உள்ளேயே உட்கார்ந்து வாசித்தார்கள். கூட்டம் வந்தது, கட்டடத்துக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை.

எனவே உரிமையாளர்களே, நீங்கள் அங்கே எதைக் கட்டினாலும் அந்த ஒரு அறையையும் அதற்குப் போகும் வழியையும் இடிக்காமல் விட்டுவைத்து, மாதத்தில் சில நாளாவது கட்டணமில்லாமல் திறந்துவிடுங்கள். அமைச்சகம் இதை அவர்களிடம் எழுத்தில் கேட்டு வாங்கித் தர வேண்டும். தயவுசெய்து பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ரெடிங்வாசி ஒருவன்