சோதிக்காமலே 'குறையற்றது' என்று அச்சிட்டு விற்ற ஷார்ட்ஹார்ன் பொலிகாளை: ஏல நிறுவனத்துக்கு ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்:
ஷார்ட்ஹார்ன் மாட்டுப் பண்ணையாளர்,
மத்திய இல்லினாய், அமெரிக்கா.

பெறுநர்:
விற்பனை மேலாளர் அவர்கள்,
காளை ஏல விற்பனை நிறுவனம்.

பொருள்: ஏல எண் 31, ரோன் நிற (செம்முடியும் வெண்முடியும் கலந்த) பொலிகாளை – பி.எச்.ஏ. மரபுக்குறை பற்றிய தவறான பட்டியல் குறிப்பு – விலையைத் திருப்பித் தரவும் பதிவைத் திருத்தவும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

சென்ற ஆண்டு மார்ச் மாதம் தங்கள் நிறுவனம் நடத்திய ஏலத்தில், பட்டியலில் 31ஆம் எண்ணாக இடம்பெற்றிருந்த, 14 மாத வயதுள்ள கொம்பில்லா ஷார்ட்ஹார்ன் காளையை எங்கள் பட்டிக்குப் பொலிகாளையாக வாங்கினேன். டி.எச். (பின்னங்கால் எலும்பு சரியாக உருவாகாத குறை), பி.எச்.ஏ. (நுரையீரல் வளராமல் உடல் முழுவதும் நீர் கோத்து வீங்கும் குறை) ஆகிய இரண்டு மரபுக்குறைகளும் அற்றது என்று அக்காளையின் பெயருக்கு நேரே தாங்கள் அச்சிட்டிருந்தீர்கள். இந்த வசந்த காலத்து ஈற்றில் எங்கள் பசுக்களில் இரண்டு, பி.எச்.ஏ. பாதித்த கன்றுகளை ஈன்றன. அதன் பிறகு காளையின் வால்முடியை வேரோடு பிடுங்கி ஆய்வகத்துக்கு அனுப்பினேன், அது பி.எச்.ஏ. குறையைச் சுமக்கும் காளை, அதாவது தான் நலமாக இருந்தே குறையைக் கன்றுக்குக் கடத்தக்கூடிய காளை, என்று ஐயத்துக்கு இடமின்றி அறிக்கை வந்திருக்கிறது. அந்த அறிக்கையையும் தங்கள் பட்டியலின் பக்கத்தையும் இத்துடன் இணைத்துள்ளேன்.

இந்தக் காளையை நான் எதற்காகத் தேர்ந்தெடுத்தேன் என்பதைத் தாங்கள் அறிய வேண்டும், ஏனெனில் என் புகாரின் அடிப்படையே அதுதான். அன்றைய ஏலத்தில் என் கண்ணில் நின்றவை இரண்டு காளைகள். ஒன்று செவலை; ஓராண்டு எடைக்கான இ.பி.டி. மதிப்பீட்டில் (கன்றுகளுக்கு எவ்வளவு கடத்தும் என்ற கணிப்பில்) அது தெளிவாக முந்தியிருந்தது, பின்னங்கால் கோணமும் குளம்பின் அமைப்பும் குறை சொல்ல முடியாதபடி இருந்தன. மற்றொன்று தங்களுடைய 31ஆம் எண். அதன் பிறப்பு எடை மதிப்பீடு குறைவாக, முதல் ஈற்றுக் கிடேரிகளுக்கு ஏற்றதாக இருந்தது. விரைச் சுற்றளவு 34 சென்டிமீட்டர் என்று கண்டிருந்தது, அதாவது 15 மாதத்துக்கு உட்பட்ட காளைக்குக் குறைந்தபட்சமாகக் கேட்கப்படும் 30 சென்டிமீட்டரைவிட நல்ல கூடுதல். ஆனாலும் முடிவைத் தீர்மானித்தது இவற்றில் எதுவும் இல்லை. செவலைக் காளைக்கு மரபுக்குறைக் கட்டம் வெறுமையாக விடப்பட்டிருந்தது. 31ஆம் எண்ணுக்கு 'குறையற்றது' என்று நிரப்பப்பட்டிருந்தது. அந்தக் குறிப்பை நம்பித்தான் செவலையை விட்டுவிட்டு, அதைவிடக் கூடுதல் விலை கொடுத்து இதை வாங்கினேன்.

எங்கள் பட்டியில் பி.எச்.ஏ. குறையைச் சுமக்கும் பசுக்கள் சில உண்டு என்பதை ஏலத்துக்கு முன்பே தங்கள் பிரதிநிதியிடம் சொல்லியிருந்தேன். நல்ல மடியும், நல்ல காலும், ஆண்டு தவறாமல் சினை பிடிக்கும் குணமும் உள்ள பசுக்கள் அவை. இது ஒடுங்கு மரபுக்குறை, அதாவது தாய், தந்தை இரண்டிடமிருந்தும் குறையுள்ள மரபணு வந்தால் மட்டுமே வெளிப்படுவது என்பதால் சுமக்கும் பசுவுக்கு எந்தத் தீங்கும் இல்லை. குறையற்ற காளையோடு மட்டுமே சேர்த்தால் ஒரு கன்றுகூடப் பாதிக்கப்படாது. சுமக்கும் பசுவும் சுமக்கும் காளையும் சேர்ந்தால்தான் நான்கில் ஒரு கன்று அந்தக் குறையோடு உருவாகும் வாய்ப்பு ஏற்படுகிறது. ஆகவே இத்தகைய பட்டியை நடத்துபவருக்குப் பொலிகாளையின் சோதனை முடிவே வேலி. 2000களின் நடுவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஜோனதன் பீவர் தலைமையிலான குழு இக்குறைகளுக்கான மரபணுச் சோதனைகளை உருவாக்கித் தந்த பிறகு, நல்ல பசுக்களைக் கழித்துவிடாமல் இப்படிக் காப்பாற்றி வைத்துக்கொள்வது எங்களைப் போன்ற பண்ணையாளர்களுக்குச் சாத்தியமாயிற்று. தாங்கள் அச்சிட்ட தவறான குறிப்பு அந்த வேலியைத்தான் எங்களுக்குத் தெரியாமலே பிரித்துவிட்டது.

அதன் விளைவு என்ன என்பதைச் சுருக்கமாகவேனும் எழுதியாக வேண்டும். முதலில் பாதிக்கப்பட்ட பசு, முந்தைய ஈற்றுகளில் யாருடைய உதவியும் இல்லாமல் ஈன்ற பசு. பனிக்குடம் உடைந்த பிறகும் கன்று நகரவில்லை. கால்நடை மருத்துவர் கையை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, கன்றின் தலையே வழியில் வராத அளவுக்கு வீங்கியிருப்பதாகச் சொன்னார். வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. உடல் முழுவதும் நீர் கோத்து ஊதியிருந்த அந்தக் கன்றின் தோலில் விரலை அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. உயிர் இல்லை. மார்புக்கூட்டைத் திறந்து பார்த்தபோது, நுரையீரல் இருக்க வேண்டிய இடத்தில் பெருவிரல் பருமனுக்கு ஒரு துணுக்குத்தான் இருந்தது. பசு பிழைத்துக்கொண்டது, ஆனால் இந்தப் பருவத்தில் மீண்டும் சினைக்கு விட முடியாது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். இரண்டாவது பசுவை எங்களால் காப்பாற்ற முடியவில்லை. இரு கன்றுகளின் காதுத் திசுவையும் ஆய்வகத்தில் சோதித்ததில், இரண்டிலும் குறையுள்ள மரபணு இரட்டைப் பிரதியாக இருப்பது உறுதியாயிற்று. ஒரு பிரதி தாயிடமிருந்து வந்தது. மற்றொன்று தங்கள் 31ஆம் எண்ணைத் தவிர வேறு எங்கிருந்தும் வந்திருக்க முடியாது, ஏனெனில் அந்த மேய்ச்சல் நிலத்தில் வேறு காளை விடப்படவில்லை.

இதைத் தொலைபேசியில் தெரிவித்தபோது, காளையின் தந்தை சோதனையில் குறையற்றது என்பதால் மகனையும் அவ்வாறே குறித்ததாகத் தங்கள் அலுவலகத்தில் விளக்கம் தந்தார்கள். இந்த விளக்கத்தை என்னால் ஏற்க இயலாது. தாய், தந்தை இரண்டும் ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டுக் குறையற்றவை என்று தெரிந்து, அவைதாம் பெற்றோர் என்பதும் மரபணுச் சோதனையால் உறுதிப்பட்டிருந்தால் மட்டுமே, கன்றைச் சோதிக்காமல் அப்படிச் சொல்வதில் ஏதேனும் நியாயம் இருக்க முடியும். இந்தக் காளையின் தாய்ப்பசுவை யாரும் சோதிக்கவே இல்லை என்பதைத் தங்கள் அலுவலகமே ஒப்புக்கொண்டது. தந்தை எவ்வளவு குறையற்றதாக இருந்தாலும், சுமக்கும் தாயின் கன்றுகளில் பாதி அதைச் சுமக்கும். சில வால்முடிகளை உறையிலிட்டு அனுப்பினால் தீர்ந்திருக்கக்கூடிய ஐயத்தை, காளை ஒன்றின் விலையோடு ஒப்பிட்டால் பொருட்படுத்த வேண்டாத சோதனைக் கட்டணத்துக்காகத் தவிர்த்துவிட்டு, அந்த இடத்தில் உறுதிமொழியை அச்சிட்டது எந்த வகையிலும் முறையாகாது.

ஷார்ட்ஹார்ன் இனத்தில் இது மேலும் வருந்தத்தக்கது. இங்கிலாந்தின் டர்ஹாம் வட்டாரத்தில் காலிங் சகோதரர்கள் இந்த இனத்தை உருவாக்கியபோது நெருங்கிய உறவுக்குள்ளேயே மாடுகளைச் சேர்த்தார்கள். 1810இல் ஆயிரம் கினிக்கு (பழைய ஆங்கிலேயப் பொற்காசு) விலைபோன காமெட் என்ற காளையின் தந்தை ஃபேவரிட். அதன் தாயும் அதே ஃபேவரிட்டின் மகள்தான். நல்ல குணங்களை நிலைநிறுத்திய அந்த முறை, மறைந்திருக்கும் குறைகளையும் ஒன்றுசேர்க்கக் கூடியது. அதனால்தான் வம்சப் பதிவு இந்த இனத்துக்கு உயிர்நாடி. மாட்டினங்களிலேயே முதன்முதலாக, 1822இல், கோட்ஸ் என்பவர் தொகுத்த வம்சப் புத்தகத்தைப் பெற்றது ஷார்ட்ஹார்ன் என்பதைத் தங்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. அத்தகைய இனத்தின் பட்டியலில் ஊகத்தைச் சோதனை முடிவாக அச்சிடலாமா என்பதே என் கேள்வி.

தங்கள் விற்பனை விதிகளில் உள்ள இனப்பெருக்க உத்தரவாதம், காளை மலடாக இருந்தால் மட்டுமே பொருந்தும் என்றும், 31ஆம் எண் விந்துத் தகுதிச் சோதனையில் தேறியிருப்பதால் நிறுவனத்துக்குப் பொறுப்பு இல்லை என்றும் எனக்கு மின்னஞ்சல் வந்தது. காளை மலடு என்று நான் எங்கும் சொல்லவில்லை. விந்துத் தகுதிச் சோதனை அணுக்களின் ஓட்டத்தையும் வடிவத்தையும் காட்டும். அவை எந்த மரபணுவைச் சுமக்கின்றன என்பதைக் காட்டாது. என் முறையீடு அந்த உத்தரவாதத்தின் கீழ் வரவில்லை. அச்சிட்ட விவரம் உண்மைக்கு மாறானது என்பதன் மேல் வருகிறது. ஏலத்தன்று மேடையிலிருந்து செய்யப்படும் அறிவிப்பு அச்சிட்டதைவிட மேலானது என்று தங்கள் விதியே சொல்கிறது. அன்று இந்தக் காளை பற்றி அப்படி எந்த அறிவிப்பும் செய்யப்படவில்லை என்பதால், அச்சிட்ட விவரமே தங்களைக் கட்டுப்படுத்தும்.

காளை அளவுக்கு மீறிய தானியத் தீவனத்தில் கொழுக்க வைக்கப்பட்டிருந்ததையும், புல்லுக்கு மாறியதும் வேகமாக இளைத்துப்போனதையும் இங்கே குறிப்பிட்டு வைக்கிறேன். ஆயினும் அதற்காக நான் எதுவும் கோரவில்லை.

எங்கள் இழப்பு இரண்டு கன்றுகளோடும் ஒரு பசுவோடும் முடியவில்லை. நாங்கள் வெளியிலிருந்து கிடேரி வாங்குவதில்லை. சொந்தக் கிடேரிகளையே பட்டியில் நிறுத்துகிறோம். அப்படி நடத்தும் பட்டியில் அடுத்தடுத்து வரும் மூன்று பொலிகாளைகளே ஒரு கன்றின் மரபில் எட்டில் ஏழு பங்கைத் தீர்மானிக்கின்றன. இந்த ஆண்டு பிறந்து நலமாக இருக்கும் பெட்டைக்கன்றுகளில், குறையற்ற பசுக்களின் கன்றுகள்கூடப் பாதிக்குப் பாதி பி.எச்.ஏ.வைச் சுமக்கக்கூடும். ஒவ்வொன்றையும் சோதித்த பிறகே எதை நிறுத்துவது, எதைக் கழிப்பது என்று முடிவு செய்ய முடியும். இனவிருத்திக்கென்று முன்பதிவு செய்திருந்தவர்களுக்குக் காளைக்கன்றுகளை விற்பதையும் நிறுத்தி வைத்திருக்கிறேன், ஏனெனில் எனக்கு நேர்ந்ததை என் கையால் இன்னொருவருக்குச் செய்ய என் மனம் ஒப்பவில்லை.

ஆகவே, காளைக்கு நான் செலுத்திய விலை முழுவதையும், இறந்த பசுவின் மதிப்பையும், மருத்துவச் செலவையும், இந்த ஆண்டுக் கன்றுகள் அனைத்தின் சோதனைக் கட்டணத்தையும் தாங்கள் திருப்பித் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மாற்றுக் காளை தருவதாகத் தங்கள் மின்னஞ்சலில் இருந்த யோசனையை, அக்காளையின் ஆய்வக அறிக்கையை முதலில் என்னிடம் காட்டினால் மட்டுமே பரிசீலிப்பேன். இவற்றைவிட அவசரமான ஒன்று உண்டு. அதே தாய்ப்பசுவின் மற்றொரு மகனைத் தாங்கள் அதே ஏலத்தில் வேறொருவருக்கு விற்றிருக்கிறீர்கள்; தாய் சுமக்கும் பசு என்பது இப்போது தெளிவாகிவிட்ட நிலையில், அந்தப் பண்ணையாளர் அடுத்த சேர்க்கைப் பருவத்துக்குக் காளையை அவிழ்த்து விடுமுன் அவருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். 31ஆம் எண்ணின் பதிவையும் இனச் சங்கத்தில் தாங்களே திருத்த வேண்டும். இனி வரும் பட்டியல்களில் ஆய்வகத்தில் சோதித்தவை, பெற்றோர் வழியாகக் கணித்தவை, சோதிக்காதவை என மூன்றையும் வேறுபடுத்தி அச்சிடுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இக்கடிதம் கிடைத்த 30 நாட்களுக்குள் எழுத்து மூலமான பதிலை எதிர்பார்க்கிறேன். அதற்குள் பதில் வராவிட்டால், இணைப்பில் உள்ள ஆவணங்களோடு இனச் சங்கத்திடமும் தேவைப்பட்டால் நீதிமன்றத்திலும் முறையிடுவேன். காளை இப்போது மந்தையிலிருந்து பிரிக்கப்பட்டுத் தனிக் கொட்டிலில் உள்ளது; தங்கள் செலவில் எப்போது வேண்டுமானாலும் அழைத்துச் செல்லலாம்.

இப்படிக்கு,
ஏல எண் 31ஐ வாங்கிய பண்ணையாளர்

இணைப்பு: காளையின் ஆய்வக அறிக்கை, இரு கன்றுகளின் திசு அறிக்கைகள், கால்நடை மருத்துவரின் சான்றும் ரசீதுகளும், விற்பனைப் பட்டியலின் நகல், விலை செலுத்திய ரசீது.