வயசான இதய நோயாளிங்களுக்கு ஊருக்குள்ளயே அயர்ன் (இரும்புச்சத்து) டிரிப்ஸ் ஏத்தக் கேட்டு மனு

பெறுநர்: மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள், உதகமண்டலம், நீலகிரி மாவட்டம்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா, வணக்கம்.

எங்க மாமியாருக்கு வயசு 71. சிலோன்ல இருந்து வந்து இங்க 30 வருஷத்துக்கு மேல கொழுந்து பறிச்சவங்க. இப்ப ஹார்ட் பம்பிங் கம்மி, கிட்னியும் சரியா வேலை செய்யல, கிட்னி வடிகட்ட வேண்டிய கழிவான கிரியாட்டினின் 2.1, ரத்த அளவு (ஹீமோகுளோபின்) 8.9. ராத்திரி மூணு தலகாணி வெச்சு சாஞ்சுதான் தூக்கம், லைன் வீட்ல இருந்து பைப்படிக்கு போய்ட்டு வர்றதுக்குள்ள ரெண்டு தடவ உக்காந்துடறாங்க.

இது மூணும் தனித்தனி வியாதி இல்லனு டாக்டர் ஒருத்தர் பொறுமையா சொன்னப்புறம்தான் எங்களுக்கே புரிஞ்சது. ரத்தம் ஊற வைக்கிற ஹார்மோன் கிட்னிலதான் சுரக்குதாம், கிட்னி கெட்டா ரத்தம் குறையும், ரத்தம் குறைஞ்சா இதயம் கூடுதலா அடிச்சு களைச்சுப் போகும், இதயம் களைச்சா கிட்னிக்குப் போற ரத்தமும் குறையும், செக்கு மாடு மாதிரி சுத்திக்கிட்டே இருக்கு. ஆனா ஆஸ்பத்திரில இதயத்துக்கு ஒரு நாள், கிட்னிக்கு ஒரு நாள், டெஸ்ட்டுக்கு ரத்தம் குடுக்க இன்னொரு நாள். ஒவ்வொரு தடவையும் பஸ்ஸுல வளைவு வளைவா போகணும், நீர் மாத்திரை போட்டவங்க நடுவுல எங்க இறங்குவாங்க சொல்லுங்க, அதனாலயே போற அன்னிக்கு மாத்திரையே போடாம வராங்க, மறுநாள் கால் வீங்கிடுது.

அயர்ன் மாத்திரை ஆறு மாசம் போட்டாங்க, மலச்சிக்கல்தான் மிச்சம். இதயம் பலவீனமானவங்களுக்கு மாத்திரைல இருக்கற இரும்பு உடம்புல சரியா சேராதாம், நரம்பு வழியா ஏத்தறதுதான் பலன்னு சொன்னாங்க. அதுக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கே போங்கன்னு சீட்டு. நான் ரெண்டாவது குழந்தை வயித்துல இருக்கறப்ப ஆரம்ப சுகாதார நிலையத்துலயே (பி.எச்.சி.) அயர்ன் சுக்ரோஸ் டிரிப்ஸ் ஏத்தினாங்க, அரை நாள்ல வீட்டுக்கு வந்துட்டேன். அதே மருந்து, அதே நர்ஸம்மா, உடம்புல இரும்பு எவ்வளவு சேந்திருக்குனு காட்டற பெரிட்டின் டெஸ்ட்ட டாக்டர் பாத்து எழுதிக் குடுத்தா வயசானவங்களுக்கும் அங்கயே ஏத்தக்கூடாதா?

இன்னொண்ணு, ஊட்டி 2,240 மீட்டர் உயரம், இங்க காத்துல ஆக்சிஜன் கம்மிங்கறதால ரத்தம் கீழ இருக்கவங்கள விட கொஞ்சம் கூடவே இருக்கணும். அதனால கோயமுத்தூர் கணக்க வெச்சு 12 இருக்கு பரவால்லனு அனுப்பிடறதும் சரியில்ல.

2021 ல இருந்து அரசோட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்து அக்கா வீட்டுக்கே வந்து பிரஷர் பாத்து மாத்திரை குடுக்கறாங்க, அது நிஜமாவே பெரிய உதவி. அவங்க கைல ஒரு எடை மெஷினும் குடுத்தா போதும், மூணு நாள்ல ரெண்டு கிலோ ஏறினா உடம்புல நீர் கோத்துக்குதுனு அர்த்தம், மூச்சு முட்டறதுக்கு முன்னாடியே டாக்டருக்கு போன் பண்ணிடலாம். மூட்டு வலிக்கு மெடிக்கல்ல வாங்கற வலி மாத்திரை கிட்னிய இன்னும் கெடுக்கும்னும் அவங்களே சொல்லட்டும், நாங்க சொன்னா மாமியார் கேக்க மாட்டேங்கறாங்க.

நாங்க கேக்கறது, மாசம் ஒரு நாள் மூணு டெஸ்ட்டும் ஒரே இடத்துல, அயர்ன் ஏத்தறது பி.எச்.சி.ல, வீடு தேடி வர்ற அக்காவுக்கு எடை மெஷின். எங்க லைன்ல மட்டும் இப்படி நாலு பேர் இருக்காங்க, எல்லாரோட ரிப்போர்ட்டும் ஜெராக்ஸ் எடுத்து இதோட இணைச்சிருக்கேன்.

இப்படிக்கு,
தோட்டத் தொழிலாளி குடும்பத்து மருமகள்