கல்லூரிக் கணினி ஆய்வகப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் வழங்கல்கள் நிறுவப்பட்ட ஆய்வகங்களில் ஒவ்வொரு கணினியும் தனித்தனியாக இணையத்திலிருந்து புதுப்பிப்புகளை இறக்கிக்கொள்கிறது. புதுப்பிப்பு 500 எம்.பி. என்று வைத்துக்கொண்டால், 60 கணினிகள் உள்ள கூடத்தில் அதே கோப்புகள் 30 ஜி.பி. அளவுக்குத் திரும்பத் திரும்ப வந்து இறங்கும். இணைப்பு திணறியதும் நம்மவர்கள் பென் டிரைவைத் தேடுகிறார்கள். தொகுத்து முடித்த மென்பொருள் பொதிகளைக் கணினிகளிடையே பகிர்வது நல்ல வழக்கம்தான். ஆனால், பென் டிரைவில் அள்ளிச் செல்லும் முறையை நிறுத்திவிடுமாறு கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

மென்பொருளை இறக்கி நிறுவும் கருவியான ஆப்ட், ஒரு கணினியில் சேமித்து வைத்திருக்கும் டெப் கோப்புகள் (பொதிகள்) அந்தக் கணினிக்குத் தேவைப்பட்டவை மட்டுமே. அந்தப் பொதிகள் இயங்கத் தேவையான லைப்ரரிகள் அதில் முன்பே இருந்திருந்தால், அவை இறக்கப்பட்டிருக்காது. ஆகவே அடுத்த கணினியில் அந்தக் கோப்புகளை, கையிலுள்ள கோப்பை நேரடியாக நிறுவும் டி.பி.கே.ஜி. கட்டளையால் ஒட்டுமொத்தமாக நிறுவ முயன்றால், சார்புப் பொதி இல்லை என்ற பிழையோடு பாதி நிறுவிய நிலையில் நின்றுவிடும். அவசரத்தில் யாராவது பிழையை மீறி நிறுவச் சொல்லும் ‘ஃபோர்ஸ்’ விருப்பத்தைச் சேர்த்துவிட்டால் அந்தக் கணினி அடுத்த பருவம் முழுக்கத் தொல்லை கொடுக்கும். லைப்ரரிகளின் பதிப்பும் வேறுபடும்: பெரும்பாலான மென்பொருள்களுக்கு அடிப்படையான ஜிலிப்சி லைப்ரரியின் பதிப்பு உபுண்டு 24.04-இல் 2.39, 22.04-இல் அது 2.35. புதியதில் தொகுத்த பொதி பழையதில் ஓடாமல் போவதற்கு இதுவே போதும். கோப்பின் பெயர் டெப் என்று முடிவதாலேயே அது எல்லாக் கணினிக்கும் பொருந்திவிடாது.

இதைவிடப் பெரிய குறை சரிபார்ப்பில் இருக்கிறது. பொதிகள் இறங்கும் இடமான களஞ்சியத்தின் வெளியீட்டுக் கோப்பு மின்கையொப்பமிடப்பட்டது. அதில் பொதிப் பட்டியல்களின் ஹாஷ் மதிப்புகளும் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாளக் குறிகள்), அந்தப் பட்டியல்களில் ஒவ்வொரு பொதியின் ஹாஷ் மதிப்பும் உள்ளன. ஆப்ட் இந்தச் சங்கிலியைப் படிப்படியாகச் சரிபார்த்த பிறகே பொதியை ஏற்கிறது. பென் டிரைவிலிருந்து நேரடியாக நிறுவும்போது இந்தச் சரிபார்ப்பு எதுவும் நடப்பதில்லை. மாணவர்களின் கைகளில் நாள் முழுக்கச் சுற்றிவந்த பென் டிரைவுக்கு நிர்வாகி உரிமையைக் கொடுப்பது எவ்வளவு துணிச்சல் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

மாற்று வழி எளியது. கூடத்தில் ஓய்வாகக் கிடக்கும் பழைய கணினி ஒன்றில் ஆப்ட்-கேச்சர்-என்ஜி என்ற பொதியை நிறுவினால், அது 3142 என்ற போர்ட்டில் இடைநிலைச் சேமிப்பகமாக இயங்கும். மற்றக் கணினிகளின் ஆப்ட் அமைப்பில் அந்த முகவரியைப் பிராக்சியாக (இடையில் நின்று பெற்றுத் தரும் கணினியாக) ஒரே ஒரு வரியில் குறித்தால் போதும். முதலில் கேட்ட கணினிக்காக இறங்கிய பொதி மற்றவற்றுக்கு உள் வலையமைப்பிலிருந்தே கிடைக்கும். உபுண்டுவையும் டெபியனையும் ஒரே சேமிப்பகம் கவனித்துக்கொள்ளும். மறையாக்கிய எச்.டி.டி.பி.எஸ். இணைப்பு வழியாக வருவதை அது பொதுவாகச் சேமிக்காது என்பதால், களஞ்சிய முகவரிகளை எச்.டி.டி.பி. ஆகவே வைத்திருக்க வேண்டியிருக்கும். எச்.டி.டி.பி.யில் மறையாக்கம் இல்லை என்று வலையமைப்புப் பொறுப்பாளர்கள் இங்கே முகம் சுளிப்பது வழக்கம். பொதி திருத்தப்பட்டிருந்தால் மேற்சொன்ன கையொப்பச் சங்கிலியில் ஆப்ட் அதைப் பிடித்துவிடும் என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

இணையமே இல்லாத ஆய்வகமாயின், ஆப்ட்-மிரர் கொண்டு களஞ்சியத்தின் நகலைப் புற வன்தட்டில் எடுத்து வரலாம். கையொப்பமும் கூடவே வரும். ‘நம்பகமானது’ (trusted=yes) என்ற குறியை மட்டும் களஞ்சிய வரியில் சேர்க்காதீர்கள். சேர்த்தால் சரிபார்ப்பு நின்றுவிடும்.

அடுத்த பருவத்துக்காகக் கணினிகளைத் தயார்செய்யும் முன்பே இதைச் செய்து முடிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஆய்வகக் கணினிகளைப் பராமரிக்கும் ஒருவர்