17ஆம் பக்கத்துக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லாருக்கும் வணக்கம்.

சிங்கப்பூரின் பழைய ரயில் பாதையைப் பற்றிய நம் சித்திரக்கதைப் புத்தகம் உங்கள் கைக்கு வந்து சேர்ந்த முதல் வாரத்திலேயே மூன்று பேர் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "17ஆம் பக்கத்தில் வசனமே காணோமே, அச்சில் விட்டுப்போய்விட்டதா?"

விட்டுப்போகவில்லை. அந்தப் பக்கத்தில் ஆறு கட்டங்கள். ஆறிலும் கைகள் மட்டும்தான். ஒரு கை வளையத்தை நீட்டுகிறது, இன்னொரு கை வாங்கிக்கொள்கிறது. அவ்வளவே. 96 பக்கச் சித்திரக்கதையில் நான் ஒரு சொல்கூட எழுதாத பக்கம் அது ஒன்றுதான். எனக்கு மிகவும் பிடித்த பக்கமும் அதுதான். அதை அப்படி அமைய வைத்தவர்களுக்கு நன்றி சொல்லத்தான் இந்த மடல்.

முதலில் ரயில்வே ஐயா. பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள், போடவில்லை. ஆனால் உங்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. இளவயதில் ரயில் கேட் வேலையில் சேர்ந்து, பின்னாளில் புக்கிட் தீமா ஸ்டேஷனுக்கு மாறியவர் நீங்கள். புக்கிட் பாஞ்சாங்கில் உங்கள் புளோக்குக்குக் கீழே, கல்மேசையில் உட்கார்ந்து ஏழு சனிக்கிழமைகள் பேசினோம். ஒவ்வொரு முறையும் எனக்கு முன்னாலேயே வந்து இரண்டு கோப்பி வாங்கி வைத்திருப்பீர்கள். காசு கொடுக்க ஒருநாளும் விட்டதில்லை.

நான் கேட்க வந்தது அந்தப் பாதையில் ரயில் ஓடிய கடைசி நாளைப் பற்றி. 1932இல் திறந்த தஞ்சோங் பகார் நிலையத்திலிருந்து கடைசி ரயில் கிளம்பியது 2011 ஜூன் 30 இரவு. ஜொகூர் சுல்தானே ஓட்டிக்கொண்டு போனார். அந்த இரவு எனக்கும் நினைவிருக்கிறது. தண்டவாளத்தோரம் கூட்டமோ கூட்டம். அதைத்தான் கதையின் உச்சக்கட்டமாக வைத்திருந்தேன். நீங்கள் அதைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு, டோக்கனைப் பற்றிப் பேச ஆரம்பித்தீர்கள். அன்றைக்கே என் கதை வேறு தண்டவாளத்துக்கு மாறிவிட்டது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அது ஒற்றைப் பாதை. எதிரெதிரே இரண்டு ரயில்கள் வந்துவிடக் கூடாது. அதற்காக ஒரு பழைய ஏற்பாடு: பாதையின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு டோக்கன். டோக்கன் யார் கையில் இருக்கிறதோ அந்த ரயில் மட்டும்தான் அந்தப் பகுதிக்குள் நுழையலாம். டோக்கனைத் தோல்பைக்குள் போட்டு, பையைப் பெரிய வளையம் ஒன்றில் மாட்டியிருப்பார்கள். ரயில் மெதுவாக நகர்ந்து வரும்போதே ஓட்டுநர் பழைய வளையத்தைக் கொடுத்துவிட்டுப் புதியதை வாங்கிக்கொள்வார். புக்கிட் தீமாவில் அந்தக் கடைசி நாள் வரைக்கும் இப்படித்தான் நடந்தது. உலகமே கணினிக்கு மாறிய பிறகும் அங்கே கையிலிருந்து கைக்குத்தான்.

வளையத்தை எப்படி வாங்குவார்கள் என்று கேட்டேன். நீங்கள் கோப்பியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றீர்கள். வலது கையை மடக்கி, முழங்கை மடிப்பைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டு, "இங்க வந்து விழும்மா" என்றீர்கள். நான்காண்டுக்கு முன் முட்டியில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர், அப்படியே அரை நிமிடம் ரயிலுக்குக் காத்திருப்பதுபோல நின்றீர்கள். "அந்த நேரத்துல யாரும் பேச மாட்டாங்க. பேசினா கண்ணு விலகிடும்." அதை என் குறிப்பேட்டில் எழுதி இரண்டு முறை அடிக்கோடு போட்டேன். ஐயா, கதை பிறந்த இடம் அந்தக் கல்மேசைதான்.

அப்படிக் கேட்டுவிட்டு வந்தும், எழுதும்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? 17ஆம் பக்கத்துக்கு நான்கு வசனங்கள் எழுதி அனுப்பினேன். ஓட்டுநர் ஒன்று சொல்வார், ஸ்டேஷன்காரர் பதில் சொல்வார், இப்படி. ஓவியர் தம்பி மறுநாள் பக்கத்தை வரைந்து அனுப்பினார். வசனம் எழுத இடமே விடவில்லை. ஒரு வசன பலூன்கூட இல்லை. கோபமாகத் தொலைபேசியில் கூப்பிட்டேன். "அக்கா, நீங்கதானே சொன்னீங்க, அந்த நேரத்துல யாரும் பேச மாட்டாங்கன்னு?" என்றார். பதில் சொல்ல எனக்கு ஒன்றும் இருக்கவில்லை.

தம்பி, உங்களுக்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும். பகலில் விளம்பர நிறுவன வேலை, இரவில் என் பக்கங்கள், ஈராண்டு. தண்டவாளக் கற்களை ஒரே மாதிரி நிரப்பிவிட்டுப் போயிருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். நீங்கள் ரயில் பாதை நடைவழியில் போய் நின்று, புக்கிட் தீமாவின் இரும்புப் பாலத்தை நான்கு கோணத்தில் வரைந்துகொண்டு வந்தீர்கள். தஞ்சோங் பகார் முகப்பில் நிற்கும் நான்கு பெரிய சிற்பங்களை முதல் பக்கத்திலேயே காட்ட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததும் நீங்கள்தான். நம் கதையில் வேலை செய்கிற நான்கு பேரும் அந்தச் சிற்பங்களைப் போலவே நிமிர்ந்து நிற்பதை இரண்டாம் முறை படித்தபோதுதான் கவனித்தேன். நான் எழுதாததை நீங்கள் வரைந்திருக்கிறீர்கள்.

அடுத்து டீச்சர். உயர்நிலைப்பள்ளியில் எனக்குத் தமிழ் சொல்லித்தந்தீர்கள், இருபத்தைந்து ஆண்டு கழித்து என் புரூஃபையும் திருத்தித் தந்தீர்கள். தமிழில் காமிக்ஸ் செய்கிறவர்களுக்குத் தெரியும், எழுத்தைப் படத்துக்குள் கொண்டுவருவது தனிப் போராட்டம். நம் சொற்கள் நீளம். "காத்துக்கொண்டிருக்கிறார்கள்" என்று ஒருவர் சொன்னாலே பலூன் கட்டத்தைத் தாண்டிவிடும். அதையாவது "காத்திருக்காங்க" என்று சுருக்கலாம். கொம்பை என்ன செய்வது? மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நின்றுகொள்ளும். தம்பி அதைச் சரிசெய்துதான் அனுப்பினார். அச்சகத்தில் கோப்பை வேறு மென்பொருளில் திறந்திருக்கிறார்கள். புரூஃப் வந்தபோது பதினோரு இடத்தில் கொம்பு இடம் மாறியிருந்தது. நானும் தம்பியும் பார்த்துப் பார்த்துக் கண் பழகிப்போய் இரண்டைத்தான் கண்டுபிடித்தோம். மீதி ஒன்பதையும் டீச்சர் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டுத் தந்தார்கள், அதே பழைய வட்டம்.

இன்னொன்றும் டீச்சர் செய்தார்கள். ரயில் ஓடும் சத்தத்துக்கு நான் ஆங்கிலக் காமிக்ஸில் வருவதுபோல ஏதோ எழுதியிருந்தேன். "இரட்டைக்கிளவி இருக்கும்போது இது எதுக்கு?" என்று ஓரத்தில் எழுதியிருந்தார்கள். இரட்டைக்கிளவி பிரிந்து ஒலிக்காது என்று தொல்காப்பியமே சொல்கிறது. தடதட, கடகட என்று சேர்ந்துதான் வரும். ரயில் சத்தத்துக்கு அதைவிடப் பொருத்தம் எது? 31ஆம் பக்கத்தின் அடியில் "தடதடதடதட" என்று எழுத்துகளே பெட்டிகளாக ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அது டீச்சரின் ஓரக்குறிப்பிலிருந்து வந்தது.

விக்டோரியா ஸ்ட்ரீட் தேசிய நூலகத்தில் எனக்காகப் பழைய வரைபடங்களைத் தேடி எடுத்துத் தந்தவர்களுக்கு நன்றி. முன்பணம் கட்டி, ஐந்து மாதம் தாமதமானபோதும் ஒரு வார்த்தை குறை சொல்லாமல் காத்திருந்தவர்களுக்கு நன்றி. ஞாயிற்றுக்கிழமைகளில் மகனைக் கூட்டிக்கொண்டு போய் எனக்கு வீட்டை அமைதியாக்கித் தந்த நாத்தனாருக்குத் தனி நன்றி.

அப்புறம் அப்பா. நீங்கள் இல்லை, என்றாலும் சொல்ல வேண்டும். ஊருக்குப் போய் வரும்போதெல்லாம் பெட்டியில் முத்து காமிக்ஸ் வாங்கி வருவீர்கள். 1972இல் சிவகாசியிலிருந்து அந்த வரிசை தொடங்கியதே இரும்புக்கை மாயாவியோடுதான். மின்சாரம் பாய்ந்ததும் அவன் உடம்பு மறைந்துபோகும், இரும்புக்கை மட்டும் தெரியும். அந்தரத்தில் ஒரு கை தனியாகக் கதவைத் திறக்கும், துப்பாக்கியைப் பிடுங்கும். ஆறு வயதில் அதைப் பார்த்தவள் நாற்பத்து மூன்று வயதில் கைகள் மட்டும் உள்ள ஒரு பக்கத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறேன். எனக்கு இது இப்போதுதான், இதை எழுதும்போதுதான் உறைக்கிறது.

சரி, இனி என்ன என்று கேட்கிறவர்களுக்கு. காப்புறுதி அலுவலக வேலையை விடவில்லை. ஆனால் வாரம் நான்கு நாளாகக் குறைத்துக் கேட்டேன், மேலாளர் சம்மதித்தார். வெள்ளிக்கிழமை முழுக்க எழுத்துக்கு. புத்தகத்தின் முதல் அச்சு தீர்ந்துவிட்டது, இரண்டாம் அச்சு வேலை நடக்கிறது. அடுத்த கதையையும் தொடங்கிவிட்டேன். தேக்கா பக்கம் மாடு வளர்த்துப் பால் ஊற்றிய குடும்பம் ஒன்றின் கதை. எருமைக் கொட்டில் என்று பொருள்படும் 'கண்டாங் கெர்பாவ்' என்ற மலாய்ப் பெயரின் சுருக்கத்தைத்தான் கேகே மருத்துவமனை இன்றும் தாங்கி நிற்கிறது. பஃபலோ சாலை, மாட்டு வியாபாரி ஒருவரின் பெயரைக் கொண்ட பெலிலியோஸ் சாலை என்று அந்த வட்டாரம் முழுக்க மாடுகளின் தடம் இருக்கிறது. உங்கள் வீட்டில் தாத்தாவோ பாட்டியோ பால் வியாபாரம் செய்திருந்தால் எனக்குச் சொல்லுங்கள். பால் எந்தப் பாத்திரத்தில் போனது, எத்தனை மணிக்குக் கறந்தார்கள், கணக்கை எப்படி எழுதினார்கள், இதெல்லாம்தான் எனக்கு வேண்டும்.

இப்போது எதை ரசிக்கிறேன் என்று மாதாமாதம் கேட்கும் தோழிகளுக்கு: வசனம் குறைந்தவற்றையே தேடிப் போய்க்கொண்டிருக்கிறேன். 2024இல் வந்த கொட்டுக்காளி படத்தை மூன்று முறை பார்த்துவிட்டேன். இயக்குநர் வினோத்ராஜ் அந்தப் படத்தில் பின்னணி இசையே வைக்கவில்லை. ஆட்டோ சத்தம், காற்று, சேவல், அவ்வளவுதான். நாயகி ஏறக்குறைய வாயே திறப்பதில்லை. ஆனால் படம் முழுக்க அவளைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறோம். ஷான் டானின் 'தி அரைவல்' என்ற சொல்லே இல்லாத சித்திரக்கதையை அம்மாவுடன் உட்கார்ந்து பார்த்தேன். ஊரைவிட்டுப் புது நாட்டுக்கு வேலை தேடிப் போகும் ஒருவரின் கதை. அந்த நாட்டு எழுத்தை ஷான் டானே கற்பனையாக உருவாக்கியிருக்கிறார், ஆகவே நமக்கும் ஒன்றும் படிக்க முடியாது. ஆங்கிலம் படிக்கத் தெரியாத அம்மா என்னைவிட வேகமாகப் புரிந்துகொண்டார். "நான் கப்பல்ல வந்து இறங்கினப்ப இப்படித்தான் இருந்துச்சு" என்று ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். அன்றைக்கு அதற்கு மேல் நாங்கள் பக்கம் புரட்டவில்லை.

சன்னி லியூவின் சார்லி சான் புத்தகத்தை மீண்டும் எடுத்திருக்கிறேன். 2017இல் மூன்று ஐஸ்னர் விருதுகள் பெற்ற புத்தகம். நம் ஊர்க் கதையை, கற்பனை ஓவியர் ஒருவரின் வாழ்க்கை வழியாக, காமிக்ஸால் எவ்வளவு ஆழமாகச் சொல்ல முடியும் என்று எனக்குக் காட்டியது அதுதான். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு லயன் காமிக்ஸின் டெக்ஸ் வில்லர். அதில் வசனத்துக்கும் பஞ்சமில்லை, தோட்டாவுக்கும் பஞ்சமில்லை. அதுவும் எனக்கு வேண்டியிருக்கிறது.

கடைசியாக, போன சனிக்கிழமை. ரயில்வே ஐயாவுக்குப் புத்தகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதே கல்மேசை, இரண்டு கோப்பி. ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். 17இல் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். நான் ஒன்றும் பேசவில்லை.

"எல்லாம் சரிம்மா. பச்சைக் கொடி கையில இருக்கு. சிவப்புக் கொடியைச் சுருட்டி நான் எப்பவும் அக்குள்ல இடுக்கி வெச்சிருப்பேனே, அதைக் காணோம்."

தம்பி அன்றிரவே வரைந்து அனுப்பிவிட்டார். இரண்டாம் அச்சில் நான்காம் கட்டத்தைப் பாருங்கள், அந்தக் கொடி இருக்கும்.