மோடத்தோடு வரும் கடிதம்

ஏற்காடு

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீ கேட்ட மோடத்தை, தொலைபேசிக் கம்பி வழியே நம்மை இணையத்தோடு இணைத்த அந்தப் பெட்டியை, நேற்றுப் பரணிலிருந்து இறக்கித் துடைத்து, பழைய கம்பளித் துண்டில் சுற்றி, அம்மா உனக்குக் காப்பித் தூள் அனுப்புகிற அட்டைப் பெட்டியிலேயே வைத்துக் கட்டிவிட்டேன். ஆகையால் பெங்களூரில் பெட்டியைப் பிரிக்கும்போது காப்பி மணம் தூக்கலாக இருக்கும். மற்றவற்றைச் சொல்வதற்கு முன்னால் ஓர் எச்சரிக்கை. இந்த மோடத்தின் அடாப்டர் 9 வோல்ட் ஏ.சி. தருவது, இப்போது ரூட்டர்களோடு வருகிறவை பெரும்பாலும் 12 வோல்ட் டி.சி. முனை பொருந்துகிறதே என்று மாற்றிச் செருகிவிடாதே. குழப்பம் வராமலிருக்க மோடத்தின் மீதும் அதன் அடாப்டர் மீதும் மோடம் என்று எழுதிச் சீட்டு ஒட்டியிருக்கிறேன்.

கம்ப்யூட்டரையும் அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தாய். அதைக் கூரியரில் போட எனக்கு மனம் வரவில்லை. நீ காரில் வரும்போது எடுத்துக்கொண்டு போகலாம். 1999இல் சேலத்தில் அசெம்பிள் செய்து வாங்கிய செலரான் பெட்டி அது, 32 எம்.பி. ரேம், 4.3 ஜி.பி. ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 98. வாங்கிய அன்று வாடகைக் கார் பிடிக்கக் கையில் பணம் மிஞ்சாததால் பஸ்ஸிலேயே மலையேறினோம். மானிட்டர் என் மடியில், சி.பி.யு. அம்மாவின் காலடியில், கீபோர்டு உன் கையில். மொத்தமுள்ள 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஒவ்வொன்றிலும் அந்தக் கண்ணாடிப் பாரம் ஒருமுறை என் நெஞ்சிலும் மறுமுறை பக்கத்துச் சீட்டுக்காரர் தோளிலுமாகச் சாய்ந்தது. பாதி வழியில் உனக்கு வாந்தி வந்தபோதும் நீ கீபோர்டை மட்டும் கீழே வைக்கவில்லை.

தொலைபேசியில் பேசும்போது, மோடம் இணையும்போது எழும் அந்தச் சத்தத்தை மறுபடியும் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடெல்லாம் என்று சொன்னாய். உனக்கு அது பாட்டாக நினைவிருக்கிறது. எனக்கு அது மலையின் அன்றைய நிலவரத்தைச் சொல்லும் குறியாக இருந்தது. எண்ணைச் சுழற்றியதும் மறுமுனை மோடம் 2,100 ஹெர்ட்ஸில் நீளமாக ஒரு ஊதல் கொடுக்கும். நெடுந்தூரப் பேச்சில் எதிரொலி கேட்காமலிருக்கத் தொலைபேசித் துறை வைத்திருக்கும் கருவிகளை, இது மனிதர் பேச்சன்று, நீங்கள் குறுக்கே வரவேண்டாம் என்று விலக்கி வைப்பதற்கான ஊதல் அது. அதன்பின் வருகிற கரகரப்பில்தான் இரண்டு மோடங்களும் கம்பியின் தரத்தைச் சோதித்து, எந்த வேகத்தில் பேசுவது என்று முடிவு செய்துகொள்ளும். மனிதக் குரலுக்காகப் போட்ட கம்பி, சுமார் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் தாங்கும். அந்தக் குறுகிய சந்துக்குள்தான் எல்லாவற்றையும் திணிக்க வேண்டும். பெட்டியின் மேல் 56 என்று பெரிதாக அச்சிட்டிருந்தாலும் அது இறங்குமுகத்துக்கான உச்ச வேகம் மட்டுமே. நாம் அனுப்புவதற்கு வி.90 முறையில் 33.6 கிலோபிட்தான் உச்சம். எங்கள் வீட்டில் அதைக்கூட முழுதாகக் கண்டதில்லை. சில்வர் ஓக் மரங்களுக்கிடையில் தொங்கிக்கொண்டு வந்த கம்பி நம்முடையது. பனி இறங்கி, இணைப்புப் பெட்டிக்குள் ஈரம் ஏறிவிட்டால் கரகரப்பு நீண்டுகொண்டே போகும். அதைக் கேட்டதுமே, இன்றைக்கு நொடிக்கு 28,800 பிட்டுக்கு மேல் வராது என்று நான் சொல்லிவிடுவேன். அந்த வேகத்தில் ஒரு எம்.பி. இறங்குவதற்கு ஏறக்குறைய 5 நிமிடம். படங்கள் நிறைந்த பக்கம் ஒன்றைத் திறந்துவிட்டு நீ சமையலறைக்குப் போய்ப் பால் குடித்துவிட்டு வருவாயே, நினைவிருக்கிறதா?

1995 ஆகஸ்ட் 15 அன்று அரசு நிறுவனமான வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டபோது அது பெருநகரத்துச் செய்தியாகத்தான் எங்களுக்கு வந்தது. 1998 நவம்பரில் தனியாருக்கும் அனுமதி கிடைத்த பிறகு நிலைமை மாறிற்று. நாம் கம்ப்யூட்டர் வாங்கிய காலத்தில் சேலத்துக் கடைகளில் மணிக்கணக்கில் இணைய நேரம் விற்கும் அட்டைகள் கிடைத்தன. அட்டைக்குக் கொடுத்த காசு ஒன்று. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் தொலைபேசி பில் வேறொன்று. எஸ்டேட் ரைட்டருடைய சம்பளத்தில் இந்த இரண்டையும் சமாளிக்க நான் கண்ட வழி, கோட்டில் இருக்கும் நேரத்தைச் சுருக்குவதுதான். இரவு உணவுக்குப் பின் ஒருமுறை இணைத்து, நான் சேர்ந்திருந்த மின்னஞ்சல் குழுவிலிருந்து வந்திருக்கும் மடல்களையெல்லாம் இறக்கிக்கொண்டு, உடனே துண்டித்துவிடுவேன். பிறகு நிதானமாக வாசித்து, பதில்களை எழுதி, அடித்துத் திருத்தி, எல்லாவற்றையும் ஒரு சேர அனுப்புவதற்காக மறுபடியும் இணைப்பேன். இரண்டு இணைப்புகளுக்கும் இடையே ஒரு மணி நேரமோ, சில சமயம் ஒரு முழு நாளோ ஆகிவிடும். கோபத்தில் எழுதிய பதில்கள் பல அந்த இடைவெளியிலேயே கிழிபட்டுப் போயின. அதற்கான பெருமை பில்லுக்குச் சேருமே தவிர என் பொறுமைக்குச் சேராது.

எழுதுவதிலும் தொல்லை இருந்தது. உனக்கு இப்போது கைபேசியில் தமிழ் தானாக வருகிறது. அன்றைக்கு ஒவ்வொருவர் எழுத்துருவும் ஒவ்வொரு வகை. திஸ்கி என்ற குறியாக்கத்தில் எழுதியவரின் மடலை அந்த எழுத்துரு இல்லாதவர் திறந்தால், தலையில் கொம்பும் அடியில் வாலும் முளைத்த ஐரோப்பிய எழுத்துகளாகத் திரை நிறைந்து நிற்கும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டுக்குப் பின் டாம், டாப் என்ற குறியாக்கங்களும் தமிழ்99 விசைப்பலகையும் வந்தன. ஆனாலும் பழையவை உடனே ஒழிந்துவிடவில்லை. அதனால் பலர் தமிழை ஆங்கில எழுத்திலேயே அடித்தார்கள். மலையையும் மாலையையும் பிரித்தறிய முடியாத அந்த எழுத்து எனக்கு ஆகவே ஆகாது. சேலத்து டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் தமிழ் ஹையர் தேறியவன் என்பதால், பழைய தட்டச்சு முறையே கிடைக்கிற மென்பொருளைத் தேடிப் பிடித்துத்தான் எழுதினேன். அந்த நாட்களில்தான் மதுரைத் திட்டத்தையும் அறிந்துகொண்டேன். 1998 பொங்கலன்று தொடங்கிய அந்த முயற்சியில், முகம் பார்க்காத தன்னார்வலர்கள் வெவ்வேறு நாடுகளில் உட்கார்ந்துகொண்டு பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்தும் பிழை திருத்தியும் வெளியிட்டார்கள். வெறும் எழுத்துக் கோப்புகளாக அவை இருந்ததால்தான் 28,800இல் தள்ளாடிக்கொண்டிருந்த என்னாலும் திருக்குறளை முழுதாக இறக்க முடிந்தது.

இனி நான் உண்மையில் எழுத உட்கார்ந்த விஷயத்துக்கு வருகிறேன்.

2001 மே மாதம், கோடை விழாக் கூட்டம் ஓய்ந்த சில நாட்களில், பிற்பகலில் இடி இறங்கி மோடம் கருகியதே, அது உனக்கு மறந்திருக்காது. இப்போது உனக்கு அனுப்பியிருப்பது அதற்குப் பின் வாங்கிய வெளி மோடம். கருகியது கம்ப்யூட்டருக்குள் செருகியிருந்த அட்டை. மூடியைக் கழற்றியபோது அடித்த நெடியும், அட்டையில் தொலைபேசிக் கம்பி வந்து சேருகிற மூலையில் சில்லு ஒன்று பிளந்து, சுற்றிலும் புகை படிந்திருந்ததும் இன்றும் கண் முன்னால் நிற்கின்றன. கடைசியாகப் பயன்படுத்துகிறவர் சுவரிலிருந்து வயரைப் பிடுங்கி ஆணியில் மாட்டிவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும் என்பது நம் வீட்டுச் சட்டம். முந்தின நாள் மாலையில் நீ உட்கார்ந்திருந்தாய். ஆகவே நீதான் என்று தீர்மானித்து, பதினான்கு வயதுப் பெண்ணை அம்மாவுக்கும் பக்கத்து வீட்டாருக்கும் முன்னால் வைத்துத் திட்டினேன். பள்ளி திறந்த பிறகும் வெகு நாட்கள் உன்னைக் கம்ப்யூட்டர் பக்கம் விடவில்லை. நான் மாட்டிவிட்டுத்தான் எழுந்தேன் என்று நீ ஒரே ஒருமுறை சொன்னாய். அதன் பிறகு அதைப் பற்றி நீ பேசவேயில்லை.

முந்தாநாள், பெட்டி இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பதற்காக மின்சாரம் கொடுத்துப் பார்த்தேன். மதர்போர்டின் பேட்டரி செத்துவிட்டிருந்ததால் தேதியெல்லாம் தாறுமாறாகக் காட்டியது. ஆனால் விண்டோஸ் ஏறிவிட்டது. அஞ்சல் நிரலில், அனுப்பியவை என்ற பகுதியில், இடி விழுந்ததற்கு முந்தின இரவு 11.40க்கு நான் அனுப்பிய மடல் ஒன்று இருக்கிறது. நீ தூங்கிப் போய் இரண்டு மணி நேரமாவது ஆகியிருக்கும். மலேசியாவில் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர் ஒருவர், தன் பாட்டி சொல்லும் பெரட்டு என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று குழுவில் கேட்டிருந்தார். காலையில் ஆட்களைக் கூட்டிப் பேர் எடுப்பதற்கு இங்கேயும் எங்களிடம் அதே சொல்தான் புழங்குகிறது என்றும், ஆங்கிலேயரின் பரேடுதான் தோட்டக்காட்டு வாயில் அப்படி ஆகிவிட்டது என்றும், செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பேர் ஏறாதவருக்கு அன்றைக்குக் கூலி கிடையாது என்றும் இரண்டு பக்கத்துக்கு எழுதியிருக்கிறேன். கடல் தாண்டி இருக்கும் ஒருவரோடு ஒரே சொல்லைப் பகிர்ந்துகொண்ட மகிழ்ச்சியில் வயரை மறந்து படுக்கப் போயிருக்கிறேன்.

இதை முந்தாநாள்தான் கண்டுபிடித்தேன் என்று எழுதினால் அது பாதி உண்மையே. திட்டி முடித்த அன்று இரவே எனக்குச் சந்தேகம் வந்தது. பார்த்துவிட்டால் உன்னிடம் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்குமே என்று அந்தப் பகுதியைத் திறக்காமல் இருந்தேன். அன்று வயரைப் பிடுங்காதவன் நான்தான். இருபது ஆண்டுகளுக்கு மேல் தாமதமாகச் சொல்கிறேன், மன்னித்துக்கொள், கண்ணு.

மோடத்தை வைத்து நீ என்ன செய்யப் போகிறாய் என்று யோசித்தேன். உன் வீட்டுக்குக் கண்ணாடி இழைதான் வருகிறது என்றாய். அதில் தொலைபேசிக் குரல் பொட்டலம் பொட்டலமாகப் பிரிந்து போகிறது. ஒரு பொட்டலம் சற்றுத் தாமதித்தாலும் மனிதக் காது பொறுத்துக்கொள்ளும், மோடம் பொறுக்காது. குரலைச் சுருக்காமல் அனுப்பும் ஏற்பாடு இருந்து, வேகத்தையும் நீயே மிகவும் குறைத்து வைத்தால் ஒருவேளை பேசும். அதைவிட, நீ படம் அனுப்பியிருந்த வைஃபை மோடம் சுலபம் என்று எனக்குத் தோன்றுகிறது. கம்ப்யூட்டரின் சீரியல் வாயிலில் செருகினால் மோடங்களுக்குக் கொடுக்கும் பழைய ஏ.டி. கட்டளைகளுக்குக் கீழ்ப்படிந்து, தொலைபேசி எண்ணுக்குப் பதிலாக இணைய முகவரிக்குச் சுழற்றுகிறதாமே! விண்டோஸ் 98இன் பழைய உலாவியைத் திறந்து இன்றைய பக்கங்களைப் பார்க்கலாம் என்று மட்டும் எண்ணாதே. அவை கேட்கும் டி.எல்.எஸ். 1.2 என்ற பாதுகாப்புப் பூட்டுக்கு அதனிடம் சாவி இல்லை. டெல்நெட் என்ற பழைய இணைப்பு முறை வழியாக எழுத்தை மட்டும் காட்டும் அறிவிப்புப் பலகைகள் இன்னும் நடக்கின்றன என்று நீதான் சொன்னாய். 1978இல் சிகாகோவில் பனிப்புயலுக்கிடையில் வார்டு கிறிஸ்டென்சனும் ராண்டி சூஸும் அமைக்கத் தொடங்கி, பிப்ரவரியில் திறந்த முதல் பலகையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் நுழைய முடியுமாம். அவர் துண்டித்த பிறகுதான் அடுத்தவர். நம் வீட்டில் உனக்கும் எனக்கும் இருந்த வரிசையைப் போலத்தான் என்று நினைத்துக்கொண்டேன். அமெரிக்காவில் ஏ.ஓ.எல். நிறுவனம்கூட 2025 செப்டம்பர் 30 அன்று தொலைபேசி வழி இணைப்பை நிறுத்திவிட்டது. இங்கே நம் கம்பியும் எப்போதோ அறுந்துவிட்டது. ஒரு துண்டில் அம்மா துணி காயப்போடுகிறாள்.

மோடத்தின் முகப்பில் சி.டி. என்ற விளக்கு எரிந்தால் மறுமுனை கிடைத்துவிட்டது என்று பொருள், ஆர்.டி. துடித்தால் ஏதோ வந்துகொண்டிருக்கிறது. சீரியல் கேபிளின் ஒரு முனையில் 25 ஊசி, மறுமுனையில் 9. அதில் ஓர் ஊசி வளைந்திருந்ததை நிமிர்த்தியிருக்கிறேன், அழுத்திச் செருகாதே. ஹார்ட் டிஸ்க்கில் உன் பெயரில் ஒரு கோப்புறை இருக்கிறது. நான் திறக்கவில்லை. ஆணி இன்னும் சுவரில்தான் இருக்கிறது, அதில் வயரும் தொங்குகிறது. நீ வரும் தேதியை முன்கூட்டியே சொன்னால், கம்ப்யூட்டருக்குப் புது பேட்டரி போட்டு வைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா