தெருவைப் பிளக்காமல் குழாயை மாற்றுங்கள்

குடிநீர்க் குழாய்களுக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம். சென்னை மண்ணடியில் எங்கள் தெருவை இதுவரை எத்தனை முறை தோண்டியிருக்கிறீர்கள் என்பது உங்கள் கோப்பிலேயே இருக்கும். போன வாரம் மறுபடியும் ஜேசிபி வந்து நின்றதைப் பார்த்ததும்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அம்மாவுக்கு 76 வயது, வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். இப்போது எங்கள் வாசலை ஒட்டி இடுப்பளவு பள்ளம், மேலே ஒரு சென்ட்ரிங் பலகை, அதில் ஒரு ஆணி வேறு நீட்டிக்கொண்டிருக்கிறது. எதிர்க்கடைத் தம்பிகள் இரண்டு பேர் அம்மாவை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு அந்தப் பலகையில் நடக்கிறார்கள். அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டு போனாள், அந்தப் பக்கம் இறக்கிவிட்டதும் "திரும்பி வரும்போதும் இப்படித்தானா?" என்று கேட்டாள். என்ன சொல்வது?

குழாயை மாற்றவே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. இந்த ஊருக்குக் கீழ்ப்பாக்கத்திலிருந்து சுத்திகரித்த தண்ணீர் வரத் தொடங்கியது 1914இல், எங்கள் தெருவில் கிடக்கும் வார்ப்பிரும்புக் குழாயும் அந்தக் காலத்துக் கிழம்தான் என்று உங்கள் ஆட்களே சொல்கிறார்கள். உள்ளே துரு முண்டு முண்டாகக் கட்டியிருக்கிறது, தண்ணீர் விடாத நேரத்தில் விரிசல் வழியாகச் சாக்கடையை உறிஞ்சிக்கொள்கிறது. காலையில் முதல் இரண்டு குடம் டீ நிறத்தில் வரும், வாசலில் ஊற்றிவிடுவோம். மாற்றுங்கள். ஆனால் தெருவைப் பிளக்காமல் மாற்றுங்கள்.

வழி இல்லாமல் இல்லை. தெருவின் இரண்டு முனையிலும் ஒரு குழி. பழைய குழாய்க்குள் கூம்பு மாதிரி ஒரு தலையை விட்டு இழுத்தால் அது இரும்பை உடைத்து மண்ணுக்குள் ஒதுக்கிக்கொண்டே போகும், பின்னாலேயே புது பாலிஎத்திலீன் குழாய் வந்து உட்கார்ந்துவிடும். பிரிட்டனில் 1970களின் கடைசியில் வார்ப்பிரும்பு காஸ் குழாய்களை மாற்றக் கண்டுபிடித்த முறை, நேற்று வந்ததல்ல. ஒவ்வொரு வீட்டு இணைப்புக்கும் சின்னக் குழி போட்டுத்தான் ஆகவேண்டும், வேலை முடியும்வரை தரைக்கு மேலே தற்காலிகக் குழாயில் தண்ணீர் விடவேண்டும், பக்கத்தில் கேபிள் எங்கே போகிறது என்று முதலிலேயே பார்க்கவேண்டும், அதெல்லாம் சரி. சின்னக் குழியை நாங்கள் தாண்டிக்கொள்வோம்.

இன்டர்நெட் கேபிள்காரர்கள் ராத்திரியோடு ராத்திரியாகச் சாலைக்கு அடியில் துளை போட்டு இழுத்துவிட்டுப் போகிறார்கள் (சமயத்தில் உங்கள் குழாயையும் ஓட்டை போட்டுவிட்டு, அது வேறு கதை). கேபிளுக்குக் கிடைக்கிற மரியாதை குடிதண்ணீருக்குக் கிடையாதா? குழாய்க்கு ஒரு தடவை, மழைநீர் வடிகாலுக்கு ஒரு தடவை, மின்சாரத்துக்கு ஒரு தடவை, நடுவில் தார் போட ஒரு தடவை. மண்ணடி என்று பெயர் வைத்தவர்கள் உங்களையெல்லாம் மனதில் வைத்துத்தான் வைத்தார்களோ என்னவோ.

கோபத்தில் ஏதாவது அதிகமாகச் சொல்லியிருந்தால் மன்னியுங்கள். கேட்பது ஒன்றுதான்: மீதித் தெருவைத் தோண்டுமுன் பிளக்காமல் மாற்ற முடியுமா என்று ஒரு பொறியாளரை அனுப்பிப் பாருங்கள். முடியாது என்றால் ஏன் முடியாது என்று தெருமுனையில் எழுதி ஒட்டுங்கள்.

அம்மாவுக்கு அடுத்த டயாலிசிஸ் வியாழக்கிழமை. தயவுசெய்து அதற்குள் அந்த ஆணியையாவது அடித்து மடக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பள்ளத்துக்கு இந்தப் பக்கம் குடியிருப்பவன்